வயிற்றுவார்

லாயத்துச் சன்னல் வழியே வந்த வெயில் மட்டக்குதிரையின் முதுகில் சாய்ந்து கிடக்கிறது. அக்காள் சேணத்தின் வயிற்றுவாரை இழுக்கிறாள். குதிரை வழக்கம்போல மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்கிறது. இந்தக் கள்ளத்தனம் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். நேற்றுவரை அது அவளுடைய குதிரை. அவள் வளர்ந்துவிட்டாளென்று இன்று தங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள். “போதும்க்கா, இறுக்கமாத்தான் இருக்கு. ஏறட்டுமா?” தங்கையின் கால் அதற்குள் மிதிவளையத்தில் இருக்கிறது. இப்படியே ஏறினால் வாசல் தாண்டுவதற்குள் சேணம் சரிந்துவிடும். குதிரையின் காதில் ஈ ஒன்று உட்கார்ந்து எழுகிறது. “ஏறட்டுமான்னு கேக்குறேன்ல?” குதிரை மெல்ல மூச்சை விடுகிறது; வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி விழுகிறது. அக்காள் அதையே பார்க்கிறாள். பிறகு, “காலை எடுடி” என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் இழுத்த இழுப்பில் கொக்கி, அவள் மாட்டி மாட்டியே அகன்றுபோன பழைய துளையில் தானாகப் போய் விழுகிறது.