ஒருவர்கூடச் சொல்லவில்லை

பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ் நின்றபோது இடப்பக்கச் சந்துக்குள் கடல் தெரிந்தது. ஸ்ரீஜா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடலை ஒட்டித்தான் தண்டவாளம் போகிறது.

வெள்ளவத்தையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போனால் சீக்கிரம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் பஸ்ஸில்தான் போகிறாள். முழுதாக நிற்கும் முன்பே ஏறவும், நின்றதுபோல் நிற்கும்போது குதித்து இறங்கவும் இந்த ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

மதுரையிலிருந்து கடல் தாண்டி இங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கணவன் ஸ்ரீனிவாஸுக்கு இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். ஓடும் ரயிலின் வாசலில் சாய்ந்து நின்றவனின் தலையில் ஒரு கம்பம் அடித்தது. இன்னும் அவன் கண் திறக்கவில்லை.

மாமியார் தினமும் போனில் ஒன்றையேதான் கேட்கிறாள். "பெட்டி நெறைய ஆள் இருந்துச்சுன்னியே, ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலையாடி?"

"சொல்லல அத்தை. வேடிக்கை பார்த்துட்டு இருந்தாங்க."

அன்று ரயில் கடலோரம் வந்ததும் பெட்டியே "எப்பா, எப்பா" என்றது இன்னும் காதில் நிற்கிறது. தினமும் பார்க்கிற கடலுக்கா இத்தனை வியப்பு என்று அப்போது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அத்தனை வாய் இருந்தும் எச்சரிக்க ஒரு வாய் இல்லை.

அதனால் இந்த ஊரில் அவள் யாரோடும் பேசுவதில்லை. தினமும் அதே பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காரும் ஷிம்னாவோடுகூட இல்லை.

"வாய்க்குப் பூட்டுப் போட்டா தங்கச்சி வந்தீக்கிறீங்க?" என்று இன்றும் சீண்டினாள் ஷிம்னா.

பஸ் கிளம்பியது. முன் இருக்கையில், தாயின் மடியில் நின்ற குழந்தை ஜன்னலுக்கு வெளியே கையை முழுதாக நீட்டியது. உரசுவதுபோல் ஒரு லொறி முந்திக்கொண்டு வந்தது.

"எப்பா, எப்பா" என்று பஸ்ஸே கத்தியது.

தாய் வெடுக்கென்று கையை உள்ளே இழுத்தாள். லொறி போய்விட்டது.

ஸ்ரீஜாவுக்கு எங்கோ உறுத்தியது. இதில் வியக்க என்ன இருக்கிறது?

"எதுக்கு எல்லாரும் எப்பாங்கிறாங்க?" முதல் தடவையாக அவளே வாய் திறந்தாள்.

ஷிம்னாவுக்குச் சிரிப்பு. "எப்பா இல்ல தங்கச்சி, எபா. சிங்களத்தில வாணாம் எண்டு செல்ற. கைய வெளிய போட வாணாம் எண்டு."

ஸ்ரீஜா கைப்பைக்குள் துழாவிப் போனை எடுத்தாள். அன்று அவள் எடுத்த வீடியோ அதில் இருந்தது. இதுவரை அதைத் திறக்க மனம் வரவில்லை.

திறந்தாள்.

கடல். காற்று. கம்பியைப் பிடித்து வெளியே சாய்ந்தபடி ஸ்ரீனிவாஸ். எபா, எபா என்று ஆண் குரல்கள், பெண் குரல்கள், தொண்டை கிழியக் கத்தும் ஒரு கிழவரின் குரல்.

அவற்றுக்கெல்லாம் மேலே, போனுக்கு மிக அருகில், சிரிப்போடு ஒரு மதுரைக் குரல்.

"எப்பா... கடல் சரியா விழலங்க. இன்னும் கொஞ்சம் வெளிய சாயுங்க."