நாவல் மரத்தின் பச்சைப் பாதி

மண்வெட்டியை முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, நாற்காலி மேல் ஏறி அவளும் குதித்தாள்.

நைட்டி கிழிந்தது. முழங்கால் சிராய்த்தது. ஐம்பது வயசில் சுவரேறிக் குதிக்கிற பெண்ணைத் தெரு இதுவரை பார்த்ததில்லை, அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

கொழுந்தன் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தான். கடப்பாரையால் தரையில் ஆழமாகக் குத்தி, குத்திய ஓட்டையில் புனலைச் செருகி, ஒரு வெள்ளைக் கேனை மெல்லச் சாய்த்துப் பிடித்திருந்தான். கழிவறை கழுவுகிற ஆசிட் வருமே, அந்தக் கேன்.

ஒரே ஒரு ஓட்டை மட்டும் இல்லை. கிளைகள் வந்து முடிகிற இடத்துக்கு நேர் கீழே, வளைவாக, வரிசையாக ஓட்டைகள். வேர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்துக் குத்தியிருக்கிறான், பாவி.

மரம் அவள் வீட்டு நாவல். அடிமரம் அவள் முற்றத்தில், பாதிக் கிளைகள் அவன் முற்றத்தில். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது நடுவில் எழுப்பிய சுவர் அது. சுவர் எழுந்த அன்றே இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அண்ணன் செத்த அன்றுகூட தம்பி வந்து ஓரமாக நின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனான்.

மழை பொய்த்ததில் தெருவில் இருந்த மரமெல்லாம் விறகாகிவிட்டது. நாவல் மட்டும் நின்றது. தான் குளிக்கிற தண்ணீரைக் குறைத்துக்கொண்டு, தினமும் அடிமரத்தில் வாளி வாளியாகக் கொட்டியவள் அவள். புருஷன் படுக்கையில் விழுந்த கடைசி மாதங்களில் அவரைக் கட்டிலோடு தூக்கிவந்து போட்டது அந்த நிழலில்தான். அவர் போன பிறகு, அந்த வீட்டில் அவளைத் தவிர உயிரோடு இருந்தது மரம் ஒன்றுதான்.

அதுவும் இப்போது பாதி. அவள் பக்கத்துக் கிளைகள் பட்டுப்போய் மொட்டையாக நின்றன. அவன் பக்கம் மட்டும் பச்சை. பாதியாவது பிழைத்திருக்கிறதே, அது என் கைராசி என்று வாசலுக்கு வந்த காய்கறிக்காரியிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

அவள் பக்கத்தை முடித்துவிட்டு மிச்சத்துக்கும் வந்துவிட்டான். பழம் விழுந்து தரையெல்லாம் கறை, துணியெல்லாம் கறை, இந்தச் சனியனை வேரோடு சாய்க்கணும் என்று அவன் என்றைக்கோ கத்தியது காதுக்குள் இரைந்தது.

அடித்தாள்.

மண்வெட்டியின் பின்பக்கம் தோள்பட்டையில் இறங்கியது. காய்ந்த கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் பக்கவாட்டில் சரிந்தான்.

மறுபடி அடித்தாள். இந்த முறை முகத்தில். பல் தெறித்து மண்ணில் விழுந்ததை அவளே பார்த்தாள். தடுக்கத் தூக்கிய கையிலும் ஒன்று போட்டாள். விரல்கள் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பிக்கொண்டன. புனல் வைத்திருந்த ஓட்டையில் அவன் ரத்தம் வழிந்து இறங்கியது. அவள் ஆத்திரம் தீரவில்லை, கைதான் ஓய்ந்துபோனது.

உள்ளேயிருந்து ஓரகத்தி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே தெருவே வந்தது.

எதிர்வீட்டுக்காரர் கேனை எடுத்து முகர்ந்து பார்த்தார். அடியில் மிஞ்சியிருந்ததை உள்ளங்கையில் ஊற்றினார். நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல், வெறும் தண்ணீர் என்றார்.

"ஐயோ, விஷம் ஊத்துறான்னுல்ல நெனச்சேன்!"

தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து கதறினாள். நடிப்பில்லை. அழுகை நிஜமாகவே வந்தது.

இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஓரகத்திகூட அவளை ஒரு சொல் சொல்லவில்லை. புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஊற்று என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே, ரோஷம் பார்த்தாயே என்று அவனைத்தான் திட்டி அழுதாள்.

பாவம், தெரியாமல் நடந்துபோச்சு என்றது தெரு. வந்த போலீஸ்காரரும் கேனைப் பார்த்துவிட்டு, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்றார்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கொழுந்தன் அவளையே பார்த்தான். தாடை உடைந்து தொங்கியது. என்னவோ சொல்ல வந்தான். ரத்தம்தான் வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேச முடிந்திருந்தால் சொல்லியிருப்பான்.

தோளில் அந்த முதல் அடி விழுந்ததுமே கேன் உருண்டது. தண்ணீர் ஓடிவந்து அவள் இரண்டு பாதத்தையும் நனைத்தது. ஜில்லென்று இருந்தது. எரியவில்லை, நாறவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். ஓங்கிய மண்வெட்டியைக் கீழே இறக்கவும் செய்தாள்.

கீழே கிடந்தவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல், அத்தனை வருஷம் கழித்து அவளோடு பேசினான்.

"தண்ணிதான் அண்ணி. மழை நின்னதுலேர்ந்து நான்தான் ஊத்துறேன். மரம் அடியில குடிக்காது, கிளை நுனிக்குக் கீழதான் குடிக்கும். நீங்க அடியிலயே ஊத்தி ஊத்தித்தான் உங்க பக்கம் அழுகிப்போச்சு."

அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் மண்வெட்டியை மறுபடி ஓங்கினாள், அந்த வாயைப் பார்த்து.