ஜெனரல்களைத் தெரிந்தவர்

“பிள்ளை, டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. அமெரிக்காவில இப்ப அஞ்சு நட்சத்திர ஜெனரல் எண்டு ஒருத்தருமில்லை. கடைசி ஆள் எண்பத்தொண்டில செத்துப்போனார்.”

சொல்லிவிட்டு இன்னாசித்தம்பி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். வினோதாவுக்குத் தலை சுற்றியது. டொக்டர் கேட்டது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான்.

டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில், முதியவர்களின் ஞாபகசக்தியைச் சோதிக்கும் டொக்டரின் அறை அது. ஒழுங்கு செய்திருந்த மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல் என்று, அந்த வேலை கூட வந்திருந்த வினோதாவின் தலையில் விழுந்திருந்தது. சோதனையில் தவறினால் பெரியவரை இனி அவருடைய வீட்டில் இருக்க விடமாட்டார்கள், முதியோர் இல்லம்தான். அங்கே தமிழ் பேச ஒரு குருவிகூட இல்லை. வாய் ஓயாத மனிதர் ஊமையாகிப்போவார்.

“டொக்டர் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ,” என்று மெல்லச் சொன்னாள்.

“பாணும் சம்பலும்தான். ஆனா நான் ஆரெண்டு அவவுக்கும் தெரியவேணுமெல்லோ.”

வேறு வழியில்லை. “பாணும் சம்பலும் சாப்பிட்டாராம். அமெரிக்க ஜெனரல்களைப் பற்றியும் சொல்கிறார்,” என்று டேனிஷில் சொன்னாள்.

டொக்டர் பெண்மணி சிரித்தார். “இராணுவத்தில் இருந்தவரா?”

“துவக்கைத் தொட்டும் பாத்ததில்லை,” என்றார் இன்னாசித்தம்பி. “மீன் பக்டரியில வேலை. ஞாயிற்றுக்கிழமையில தமிழ் வானொலியில போர் ஆய்வு. சண்டை பிடிக்கிறவனுக்கு ஆய்வு செய்ய நேரமேது?”

“அப்படியானால் அமெரிக்கப் படையில் இப்போது எல்லோருக்கும் மேலே இருப்பவர் யார்?”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. “நாலு நட்சத்திரம்தான் இப்ப உச்சம். அதிலயும் பெரிய ஆள் கூட்டுப்படைத் தலைவர். ஆனா அவர் ஒரு சிப்பாய்க்கும் கட்டளை போட ஏலாது. சனாதிபதிக்குப் புத்தி சொல்லலாம், அவ்வளவுதான்.”

வினோதா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். டொக்டர் கணினியில் தேடிப் பார்த்து, “எல்லாம் சரி,” என்று புருவத்தை உயர்த்தினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இது எந்த வருடம்?”

“தொண்ணூற்றாறு. யாழ்ப்பாணத்தால சனமெல்லாம் இடம்பெயர்ந்து இன்னும் ஒரு வருசம் ஆகேல்லையே.”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். ஒரு பொய் சொல்லி ஒரு மனிதரை அவர் வீட்டில் இருக்க விட்டால் என்ன குடியா முழுகிவிடும்? வினோதா டேனிஷில் சரியான வருடத்தைச் சொன்னாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது. டொக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

“கடைசிக் கேள்வி. உங்கள் பக்கத்தில் இருப்பவர் யார்?”

அதைத் தமிழில் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டாள்.

இன்னாசித்தம்பி அவளை அன்போடு பார்த்தார். “இந்தப் பிள்ளையோ? ஆரெண்டு தெரியாது. ஆனா நல்ல வடிவாத் தமிழ் கதைக்குது. ஆர் பெத்த பிள்ளையோ, நல்லா வளர்த்திருக்கினம்.”

டொக்டர் பதிலுக்குக் காத்திருந்தார்.

அப்பா சொன்னதை வினோதா டேனிஷில் மொழிபெயர்த்தாள்: “‘இவள் என் மகள்’ என்கிறார்.”