‘பி’ நம்பர் கார்

“நம்பர் பலகையப் பார்த்தியாம்மா? ‘எச்’ இல்ல, ‘பி’!” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் காதில் லிஸ்ட்ரா கிசுகிசுத்தாள்.

அந்தச் சுற்றுலாப் பெண் புரியாமல் விழித்தாள். “அப்படியென்றால் என்ன அர்த்தம்?”

“‘எச்’னா லைசன்ஸ் வாங்கின டாக்ஸி. ‘பி’னா சொந்தக் கார். சும்மா ஆள் ஏத்திக்கிட்டுச் சுத்தறான். இவன் யாரு, எந்த ஊருன்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது.”

தீவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பாதிப் பேர் ‘பி’ காரில்தான் போகிறார்கள். ‘எச்’ கார் வரட்டும் என்று நின்றால், காலையில் கிளம்பியவன் சாயங்காலம்தான் வேலைக்குப் போய்ச் சேருவான். அதற்காக ‘பி’ காரை யாரும் நம்பிவிடுவதில்லை. ஏறுவதும் அதில்தான், திட்டுவதும் அதைத்தான்.

மராக்கஸ் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று மூலையில் நின்று கைகாட்டியவள் அந்தப் பெண். கழுத்தில் கேமரா, காதில் தங்கம், மடியில் புதுப்பை. தனியாக வந்தவள். பக்கத்தில் நின்ற லிஸ்ட்ராவும் கூடவே ஏறிக்கொண்டாள்.

ஏறும்போதே அந்தப் பெண் எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னாள். டாக்ஸியில் ஏறினால் வணக்கம் சொல்லாதவனை இந்த ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? யாரோ நல்லபடியாக வளர்த்திருக்கிறார்கள் என்று லிஸ்ட்ரா நினைத்துக்கொண்டாள்.

டிரைவர் ஆன்சில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். ரேடியோ இல்லை, பாட்டு இல்லை, கிரிக்கெட் பேச்சுகூட இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியில் பின்னால் பார்த்தான். போன் அடித்ததும் குரலைத் தாழ்த்தினான்.

“ம்... மரவால் ஊரைத் தாண்டியாச்சு. பின்னால ரெண்டு பேரு. ஆமா, ரெண்டும் பொம்பளைங்கதான். வெச்சிடு.”

லிஸ்ட்ரா அந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்தாள். “கேட்டியா? யாருகிட்டயோ கணக்குச் சொல்றான்.”

“எனக்குப் பயமாக இருக்கிறது” என்றாள் அந்தப் பெண்.

“பயப்படாத. பதினோரு வருஷம் கடற்கரை ஓட்டல்ல அறை கூட்டி, படுக்கை விரிச்சவ நான். போன கிறிஸ்துமஸ்ல எவனோ அங்க தங்கியிருந்த ஒரு ஜோடிகிட்ட கத்தியக் காட்டிப் பறிச்சான். பேப்பர்ல வந்துச்சு. அதோட அறையெல்லாம் காலி. எங்க பதினாறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பறிச்சவன் ஒருத்தன், பட்டினி எங்களுக்கு.” அதைச் சொல்லும்போது அவள் குரல் நிஜமாகவே உடைந்தது. பதினோரு வருஷம் உழைத்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டார்களே என்ற ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

இந்தப் பெண்ணை இவன் கையில் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமே வரவில்லை.

“அடுத்த வளைவுல என்கூட இறங்கிடு. என் தம்பி கர்ட்டிஸ் அந்த வழியாத்தான் வருவான். அவனுது ‘எச்’ கார். மராக்கஸ்ல கொண்டுபோய் விட்டுடுவான்.”

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு தலையாட்டினாள்.

“தம்பி, இங்கயே நிறுத்து” என்றாள் லிஸ்ட்ரா.

ஆன்சில் திரும்பிப் பார்த்தான். “கடலுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு. எதுக்கு இறங்கறீங்க? சீட்ல முள்ளா இருக்கு?”

“முள்ளு இருந்தா பரவாயில்ல. கத்தி இருந்தா?”

“என் மூஞ்சியப் பார்த்தா திருடன் மாதிரியா தெரியுது அக்கா?”

“திருடன் நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வரான்? நிறுத்துய்யா!”

காரை நிறுத்தினான். “அக்கா, நீங்க இறங்கிப் போங்க. இந்தப் பொண்ணை நான் பத்திரமா கொண்டுபோய் விடறேன்.”

“அதானே பார்த்தேன்!” என்று லிஸ்ட்ரா அந்தப் பெண்ணின் கையை இறுகப் பிடித்து இறக்கினாள். ஆன்சில் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பி, வளைவில் மறைந்தான். அதன்பிறகுதான் லிஸ்ட்ராவுக்கு மூச்சு வந்தது.

ஐந்தே நிமிடத்தில் கர்ட்டிஸின் கார் வந்து நின்றது. லிஸ்ட்ரா நம்பர் பலகையைச் சுட்டிக் காட்டினாள். “பாரு, ‘எச்’!”

இருவரும் பின்னால் ஏறினார்கள். கொஞ்ச தூரம் போனதும் கார் பெரிய சாலையை விட்டு மூங்கில் காட்டுக்குள் போகும் மண்பாதையில் திரும்பியது. இஞ்சின் நின்றது.

“இது கடலுக்குப் போகும் வழியா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

லிஸ்ட்ரா அவள் தோளை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். “சத்தம் போடாதம்மா. கேமரா, பை, தோடு, மூணையும் குடுத்துடு. உன்மேல ஒரு கீறல் விழாது. உனக்கு முன்னால ஏழு பேரு இப்படித்தான் பத்திரமா வீடு போய்ச் சேர்ந்தாங்க.”

அந்தப் பெண் அழவில்லை. கேமராவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அசல் போர்ட் ஆஃப் ஸ்பெயின் சந்தைப் பேச்சில் சொன்னாள். “வீட்டுக்குப் போறதுக்கு முன்னால ஏழு பேரும் எங்க ஸ்டேஷனுக்குத்தான் வந்தாங்க அக்கா. ரெண்டு வாரமா அந்த மூலையில உனக்காக நின்னு நின்னு காலே வீங்கிடுச்சு.”

லிஸ்ட்ரா திடுக்கிட்டுத் திரும்பினாள். பின்னால் பாதையை மறித்து நின்ற ‘பி’ காரிலிருந்து, போலீஸ் தொப்பியைத் தலையில் சரிசெய்தபடி ஆன்சில் இறங்கி வந்துகொண்டிருந்தான்.