குளிக்க மட்டும் அனுமதி

பைன் காட்டு ஓரத்தில் இருந்த பிலோமினாவின் வீட்டுக் குளியலறைச் சுவரில் அரிய பெரணிச் செடி ஒன்று முளைத்தது. சட்டப்படி அந்த வீடு அன்றே காடாக அறிவிக்கப்பட்டது. குடும்பத்துக்குக் கொடைக்கானல் டவுனில் ஒரு ஃப்ளாட் கொடுத்தார்கள்.

ஆளில்லாத வீட்டில் பெரணி வாடத் தொடங்கியது. வனத்துறையின் பெரணி அலுவலர் ஃப்ளாட்டுக்கே தேடி வந்தார்.

“நீங்க குளிச்ச ஈரத்துலதாம்மா அது வளந்திருக்கு. தினமும் வந்து குளிச்சிட்டுப் போங்க. சோப்பு போடக் கூடாது. சமைக்கவோ தங்கவோ அனுமதி இல்ல.”

நல்ல மனிதர். பஸ் பாஸும் கொடுத்தார்.

பிலோமினாவும் கணவர் அமலதாசும் தினமும் காலையில் பஸ் ஏறிப் போய்த் தங்கள் வீட்டில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு திரும்பினார்கள். பெரணி மறுபடி தழைத்தது.

மழைக்காலம் முடியும்போது, ஃப்ளாட்டின் குளியலறை மூலையிலும் பச்சையாக ஒரு சிறு சுருள் தலைநீட்டியது. பெரணியின் வித்து துண்டில் ஒட்டி வந்திருக்க வேண்டும். பார்த்ததுமே பிலோமினாவுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை இறக்கி எடுத்துவந்தாள்.

“அங்க என்ன, பிலோ?” என்று ஹாலிலிருந்து அமலதாஸ் கேட்டார்.

“பாசிங்க. வழுக்கி விட்ரும்,” என்று சொல்லிவிட்டு ஊற்றினாள்.