பாயைக் குத்தாத நாற்காலி

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷமாக உயரமான நாற்காலியிலேயே காலம் தள்ளிய கணவர், மடங்காத காலை நீட்டியபடி புதிதாக வந்த குட்டை நாற்காலியில் மெல்ல இறங்கி உட்கார்கிறார். பிளைவுட்டை வளைத்து ஜப்பானியப் பாணியில் செய்தது. பாயில் தடம் விழாதபடி அதன் கால்கள் தட்டையான நீளக் கட்டைகளாகப் படிந்திருக்கின்றன. காலை வெயிலில் பலகையின் விளிம்பில் அடுக்கடுக்காகத் தேன்நிற வரிகள். பாயில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் தையல்காரி மனைவி நிமிர்கிறாள்.

"எப்படி எழுந்திருப்பீங்க?"

"நீ எதுக்கு இருக்க?" அவர் முகம் அவள் முகத்துக்கு நேராக இருக்கிறது. "ஒரு வருஷமா உன் வகிடு மட்டும்தான்டி தெரிஞ்சுது."

இதைச் செய்த கை நல்லா இருக்கணும் என்று நினைத்துக்கொண்டே நூல் கோக்கப் பார்க்கிறாள். ஊசியின் காது கலங்கித் தெரிகிறது.

"கொடு, நான் கோத்துத் தரேன்" என்று கை நீட்டுகிறார். எட்டுகிறது.