உயராத கை

“எல்லார் கையும் மேலே இருக்கு. உன் கை மட்டும் ஏன் மடியிலேயே கிடக்குது?”

கடைத்தெருச் சங்கத் தலைவர் கேட்டது தையல்கடைக்காரியை. அவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. கூட்டமே கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது.

விஷயம் இதுதான். உலகம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு கம்பெனி இந்தத் தெருவில் கடை போட இடம் தேடுகிறது. அது வந்துவிட்டால் மற்றவர்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆகவே யாரும் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம். தெருவைத் தெருக்காரர்களே ஆண்டுகொள்வது பாட்டன் காலத்து வழக்கம். போலீஸ், கோர்ட் என்று ஒருவரும் படியேறியதில்லை. எல்லாக் கையும் உயர்ந்தால்தான் தீர்மானம். ஒரு கை குறைந்தாலும் தள்ளுபடி.

“அவங்கவங்க இடம், அவங்கவங்க இஷ்டம்ணே” என்றாள் தங்கை, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். கம்பெனிக்காரன் உனக்கு என்ன கொடுத்தான் என்று கேட்டார் ரொட்டிக்கடைக்காரர். இனிமேல் அவளிடம் துணி கொடுக்கப் போவதில்லை என்றாள் செருப்புக்கடைக்காரர் மனைவி. கொஞ்ச நேரம் முன்புதான் நாடு, மரபு, சுயமரியாதை என்று பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தார் தலைவர். இப்போது அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் மேஜையைத் தட்டினார்.

“சோறு போட்ட தெருவை எவனோ ஒருத்தனுக்கு விக்கறியே, உனக்கு வெட்கமாயில்ல? யார் சொல்லிக் கொடுத்தாங்க?”

அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். கண் நிரம்பிவிட்டது.

“யாரும் சொல்லல. எனக்காத் தோணுச்சு.”

கை உயரவில்லை. தீர்மானம் விழுந்தது. தங்கை என்றுகூடப் பார்க்காமல் கேட்டாரே, மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன் என்று தலைவரைப் புகழ்ந்துகொண்டே கூட்டம் கலைந்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

சாயங்காலம் தையல்கடைக்குப் போனார். தைக்கக் கொடுத்த துணியைப் பாதியிலேயே வாங்கிக்கொண்டு இரண்டு பெண்கள் வெளியே வந்தார்கள். அவரைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். உள்ளே மிஷின் ஓடவில்லை. அவர் வாசலிலேயே நின்றார்.

“உள்ள வாங்கண்ணே. உங்க கிடங்கை அந்தக் கம்பெனிக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னு நான் மூச்சு விடல” என்றாள் தங்கை. “கையைத் தூக்காம மட்டும் இருன்னுதானே என்கிட்ட கெஞ்சினீங்க, அத்தனை பேர் முன்னாடி நீங்களே என்னைக் கேவலப்படுத்துவீங்கன்னு சொல்லலையே?”